துண்டு போட்ட நாற்காலி

ஒவ்வொரு நாற்காலியாக இழுத்துக்கொண்டு வருகிறார் உமாதேவி. தூக்கிக்கொண்டு வந்தால் சத்தம் வராது என்று காவலாளி பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார்.

"சத்தம் வரட்டும்ப்பா. கிளாஸ் ஆரம்பிச்சாச்சுன்னு வெளிய நிக்கறவங்களுக்குத் தெரியணும்ல?"

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் மொசைக் தரையில் கிறீச்சிட்டு அரைவட்டமாக நிற்கின்றன. நடுவில் இருப்பது மட்டும் மரத்தில் செய்தது. கை வைத்தது, முதுகு உயர்ந்தது. பையிலிருந்து வெள்ளைத் தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றை எடுத்து அதன் முதுகில் விரிக்கிறார். அரசாங்க அலுவலகம் என்றால் பெரிய அதிகாரியின் நாற்காலிக்கு ஒரு துண்டு உண்டு. அது எதற்கென்று அந்த அதிகாரிக்கே தெரியாது. துண்டு இருந்தால் அது தலைவர் நாற்காலி, அவ்வளவுதான். பஞ்சாயத்து அலுவலகம் வரைக்கும் இந்தப் பழக்கம் இறங்கி வந்திருக்கிறது.

மைசூரில், கிராமப் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு மையத்தில் உமாதேவி வகுப்பெடுக்கிறார். ஊர் கொள்ளேகால், பட்டுநூல் முறுக்கும் குடும்பம். ஐம்பதைத் தாண்டியவர். காதோரம் நரை. சாயம் பூசுவதில்லை. கொள்கை ஏதும் கிடையாது, அலர்ஜி. ஸ்கூட்டரை அவர் ஓட்ட, கணவர் விஜய்குமார் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வருவார். இதற்கும் கொள்கை காரணமில்லை. விஜய்குமாருக்குக் கண்பார்வை மங்கல்.

வகுப்பு தொடங்கும் முன் உமாதேவிக்கு ஒரு வேலை பாக்கியிருக்கும். கணவன்மார்களைக் கிளப்ப வேண்டும்.

கர்நாடகத்தில் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசம். கணவன்மார் டிக்கெட் எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல், காதில் போன். ஊரில் அவர்களைத்தான் 'அத்யக்ஷரு' என்று கூப்பிடுவார்கள். தலைவர் என்று பொருள். கையெழுத்து மனைவியுடையது, நாற்காலி கணவனுடையது. ஆரம்ப காலத்தில் அவர்களையும் உள்ளே விட்டுப் பார்த்தார். "உங்க பேரென்னக்கா?" என்று முன்வரிசையில் கேட்டால் பதில் பின்வரிசையிலிருந்து வந்தது. அன்றிலிருந்து கணவன்மாருக்கு இடம் கதவுக்கு அந்தப் பக்கம்தான். அவர்களுக்கு 'கூட வந்தோர் சங்கம்' என்று பெயரும் வைத்தார்.

"ஜூவுக்குப் போங்கண்ணா. வெள்ளப் புலி இருக்கு. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துருங்க."

சிலர் போவார்கள். சிலர் வராந்தாவிலேயே நிற்பார்கள். அவர்களில் ஒருவர் ஒருநாள் விஜய்குமாரிடம், "சார் எந்தத் தாலுக்கா?" என்று விசாரித்தார். "நானும் உங்க சங்கந்தாங்க. ஆயுள் மெம்பர்" என்றார் விஜய்குமார்.

முதல்நாள் முதல் வகுப்பு, பெண்கள் இயக்கத்தின் வரலாறு. புத்தகங்களில் இது அலை அலையாக வரும்: முதல் அலை, இரண்டாம் அலை. தபால்வழியில் முதுகலை படித்தபோது உமாதேவியும் அப்படித்தான் எழுதித் தேறினார். இங்கே அது எடுபடவில்லை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய, தமிழ் பேசும் ஹனூர் தாலுகாவிலிருந்து வருகிறவர்கள் கடலை டி.வி.யில் மட்டுமே பார்த்தவர்கள். "அலைன்னா திரும்பிப் போயிருமுங்களே மேடம்?" என்று ஒருத்தி கேட்ட அன்று அலையை விட்டு நாற்காலிக்கு மாறினார்.

எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்வார். நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்குவார். "நூறு வருசத்துக்கு முந்தி நமக்கு இப்பிடித்தான். நிக்க எடம் இருந்தாப் பெரிசு." பிறகு ஒன்றை இழுப்பார்: பள்ளிக்கூடம். இன்னொன்று: சொத்து. இன்னொன்று: ஓட்டு. ஒவ்வொன்றுக்கும் யார் எங்கே எத்தனை காலம் கேட்டார்கள், சீமையில் கேட்ட பெண்கள் எப்படி ஜெயிலுக்குப் போனார்கள், இங்கே கேட்டவர்களை எப்படிக் கேலி செய்தார்கள் என்று கதை வரும். கிறீச்சென்று ஒரு சத்தம், ஓர் உரிமை. பெண்கள் ஒவ்வொருவராக உட்காருவார்கள்.

"சேர் வந்தாச்சு. எல்லாரும் உக்காந்தாச்சு. இப்ப வீட்டுல அடுப்பை யாரு பாத்துக்கறா?"

"மாமியாளுங்க."

"அவங்க யாரு?"

"பொம்பளதானுங்க."

சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் வரதட்சணைச் சாவுகள் வரும். வீட்டு விஷயம் என்று மூடி வைத்ததையெல்லாம் தெருவுக்கு இழுத்துவந்த எழுபதுகளும் எண்பதுகளும் வரும். சாராயக்கடை வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பெண்கள் வருவார்கள். கதவுக்குள் நடப்பதும் அரசியல்தான் என்பதை அவர் சொல்லமாட்டார். கதவைத் திறந்து மூடிக் காட்டுவார். வராந்தாவில் நிற்பவர்கள் திடுக்கிட்டு விலகுவார்கள்.

ரொம்ப நாள் பாடம் அத்தோடு முடிந்துகொண்டிருந்தது. நஞ்சன்கூடு பக்கத்து உறுப்பினர் தேவம்மா வந்த பிறகுதான் நீண்டது. தேவம்மா தலித் பெண். பாடம் முழுவதையும் கேட்டுவிட்டுக் கன்னடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு சேர் இழுத்தீங்களே, இதெல்லாம் யாருக்கு? எங்க பஞ்சாயத்துலயும் பொம்பளைங்களுக்குச் சேர் உண்டு. எனக்குப் பாய்." அதற்கு அடுத்த வகுப்பிலிருந்து உமாதேவி நாற்காலிகளுக்குப் பக்கத்தில் ஒரு பாயும் விரிக்கிறார். அதில் உட்கார யாரையும் கூப்பிடுவதில்லை. அது காலியாகக் கிடக்கும். பாய் எதற்கு என்று யாராவது கேட்கும்வரை காத்திருப்பார். கேட்டால் தேவம்மா கதையைச் சொல்லி, எல்லாப் பெண்ணும் ஒரே பெண் இல்லை என்று பெண்களே பெண்களிடம் சண்டை போட்டுப் புரியவைத்த வரலாற்றுக்குப் போவார். சில வகுப்புகளில் கேள்வி வரவே வராது. பாயைத் தாண்டித் தாண்டி நடப்பார்கள். அதையும் பார்த்து வைத்துக்கொள்வார்.

கடைசிப் பகுதி உட்காரும் விதம். நாற்காலியில் பெண்கள் நுனியில்தான் உட்காருகிறார்கள், கூப்பிட்டால் ஓடத் தயாராக. "சாஞ்சு உக்காருங்கக்கா. முதுகு படட்டும். சேர் கடிக்காது." கால்மேல் கால் போடச் சொன்னால் பாதிப்பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பெண் என்பது பிறப்பா பழக்கமா என்று அறிஞர்கள் பெரிய பெரிய புத்தகமாக எழுதியதை இந்தச் சிரிப்பை வைத்து நடத்திவிடுவார்.

மூன்றாம் நாள் மாதிரிக் கூட்டம். துண்டு போட்ட நாற்காலிக்கு அன்றுதான் வேலை. வந்தவர்களில் ஒருவர் தலைவியாக உட்கார்ந்து கூட்டம் நடத்த வேண்டும்.

போன வாரம் அந்த முறை மாரக்காளுக்கு வந்தது. ஹனூர் தாலுகாவில் ராமாபுரத்துக்கு அடுத்த ஒரு ஊர். நிஜமாகவே பஞ்சாயத்துத் தலைவி. நாற்பது வயது, மாநிறம், கையில் மஞ்சள் கறை. கூப்பிட்டதும் எழுந்தார், நேராக முன்னால் வந்தார், துண்டு போட்ட நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு, பக்கத்தில் கோணலாகத் தொங்கிய துண்டின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. தினமும் செய்கிற கை அது.

"என்னக்கா, அங்க உக்காந்துட்டீங்க?"

"எங்க மேடம்?" என்று குனிந்து தன் நாற்காலியைப் பார்த்தார் மாரக்காள். பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "அதுல நானு உக்கார்றதில்லீங்க. அது அவரு எடமுங்க."

"அவருதான் இங்க இல்லியே?"

"சன்னல்ல இருக்காருங்க."

எல்லோரும் திரும்பினார்கள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாரக்காளின் கணவர் நஞ்சுண்டசாமி நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. இத்தனை பெண்கள் ஒரே நேரத்தில் பார்த்ததும் அவருக்குத் தாராளம் வந்துவிட்டது.

"ஏ புள்ள, உக்காரு உக்காரு. டிரெய்னிங்குதான? நானொண்ணும் சொல்ல மாட்டேன்."

"பாத்தியா மாரக்கா, ஆர்டர் வந்துருச்சு!" என்றாள் பின்னாலிருந்து மகேஸ்வரி. அதே தாலுகாவில் வேறொரு பஞ்சாயத்தின் உறுப்பினர், வாய் கொஞ்சம் நீளம். "இன்னும் என்ன யோசன? கையெழுத்து வாங்கோணுமா?"

உமாதேவி சிரிக்கவில்லை. "புத்தகத்துல நம்ம வரலாற அலை அலையா எழுதியிருக்கு, மொத அலை, ரெண்டாவது அலைன்னு. பர்மிசன் வாங்கி உக்கார்றது எத்தனாவது அலை?"

"அது அலையே இல்லீங்க மேடம். கொளம்" என்றாள் மகேஸ்வரி.

நஞ்சுண்டசாமியும் சேர்ந்து சிரித்தார். தன் பங்கு முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டார். மாரக்காள் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. உமாதேவி வற்புறுத்தவும் இல்லை. வற்புறுத்தி உட்கார வைத்தால் சன்னலுக்குப் பதில் தான் உத்தரவு கொடுத்ததாக ஆகும் என்பது அவர் கணக்கு.

மாதிரிக் கூட்டத்துக்குத் தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று பொருள் தயாராக வைத்திருப்பார். மாரக்காள் சன்னலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"எங்கூர்ல திங்கக்கெழம நெசமாலுமே கூட்டமிருக்குதுங்க. அதையே வெக்கட்டுங்களா?"

விஷயம் சின்னது. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு ஒயின்ஷாப் வரப்போகிறது. பஞ்சாயத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் போட்டுத் தர வேண்டும். கடைக்காரனிடம் நஞ்சுண்டசாமி "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார். மாரக்காளுடைய சின்ன மகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறாள். ஊரின் மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான்.

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"வேண்டாமுங்க. மெம்பருங்கள்ல முக்காவாசிப்பேரு வேண்டாம்பாங்க. நானு சொல்லோணுமில்லீங்க மொதல்ல?"

கூட்டம் நடந்தது. விவாதம் சூடாகவே நடந்தது, மகேஸ்வரி கடைக்காரனாக நடித்து, "பஸ் ஏற வர்றவங்க தாகத்துக்கு எங்க போவாங்க அத்யக்ஷரே?" என்று கெஞ்சினாள். ஓட்டுக்கு விட்டபோது அத்தனை கைகளும் எதிர்ப்புக்கு உயர்ந்தன. இனி தலைவி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: அனுமதி இல்லை.

மாரக்காள் வாயைத் திறந்தார். தலை வலது பக்கம் திரும்பியது, காலி நாற்காலியைப் பார்த்து. காத்திருந்தது. நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. அவர் மறுபடி முன்னால் பார்த்தார், வாயைத் திறந்தார், தலை மறுபடி திரும்பியது.

யாரும் சிரிக்கவில்லை.

"வாய் தொறக்குதுங்க மேடம். தல அந்தப் பக்கம் போயிருது. நானு என்ன பண்ணட்டும்?"

சாப்பாட்டு மணி அடித்தது. பிற்பகலில் சான்றிதழ், குழுப்படம். படத்தில் கூட வந்தோர் சங்கமும் நின்றது. நஞ்சுண்டசாமி மனைவியின் சான்றிதழைத் தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தார். கொள்ளேகால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கிளம்பினார்கள். உமாதேவி துண்டை மடித்துப் பையில் வைத்தார்.

பயிற்சி முடிந்துபோனவர்களுக்கு அவர் போன் செய்வதில்லை. செய்தால் அது வேவு பார்ப்பது மாதிரி இருக்கும் என்பார். அவர்களாகக் கூப்பிட்டால் எந்த நேரமும் எடுப்பார். பெரும்பாலானவர்கள் கூப்பிடமாட்டார்கள். நாற்காலிப் பாடம் ஊருக்குப் போய் என்ன ஆகிறது என்பது இத்தனை வருடத்தில் அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

திங்கட்கிழமை புதிய அணி வந்தது. அன்று முழுவதும் போனை அணைக்காமல் வைத்திருந்தார். வகுப்பில் போனை அணைப்பது அவரே போட்ட விதி. பிற்பகல் டீ வந்தபோது எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

மாலை வீட்டுக்குப் போகும் வழியில், குவெம்பு நகர் திருப்பத்தில் அது அடித்தது. பின்னாலிருந்த விஜய்குமார் எடுத்தார். "யாரோ மாரக்காளாம்மா." உமாதேவி ஸ்கூட்டரை ஓரங்கட்டினார். விஜய்குமார் போனை ஸ்பீக்கரில் போட்டு அவருடைய ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கூட்டம் முடிஞ்சுருச்சுங்க மேடம்."

"எங்க உக்காந்தீங்க?" என்றார் உமாதேவி. கடையைப் பற்றிக் கேட்கவில்லை.

"எஞ் சேர்லதானுங்க. எப்பவும் உக்கார்ற எடத்துல."

ஒரு டவுன் பஸ் கடந்து போனது.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்க்கா. சொல்லுங்க. அந்தச் சேரு?"

"அதுங்களா? காத்தால அவரு வர்றதுக்கு முந்தியே தண்ணி தொறந்துடற வாட்டர்மேன உட்டுத் தூக்கி வெளிய வராந்தாவுல போடச் சொல்லிட்டனுங்க. துண்டோட. அவரு வண்டிய நிறுத்திட்டு வந்தாரு. 'இங்க காத்து நல்லா வருதுங்க, உங்க சேருதான், உக்காருங்க'ன்னேன். உக்காந்துட்டாரு."

"உக்காந்துட்டாரா!"

"என்ன பண்ணுவாருங்க? அவரு சேராச்சே."

விஜய்குமார் சிரிப்பை அடக்கியதில் போன் ஆடியது. உமாதேவி அதைப் பிடித்து நிறுத்தினார்.

"உள்ள கூட்டம் நடந்துச்சு. சொல்ற நேரத்துல எந் தல பழையபடி திரும்புச்சுங்க மேடம், பொய் சொல்லமாட்டேன். அங்க சேரே இல்ல. செவுருதான் இருந்துச்சு. செவுத்தப் பாத்துட்டே சொல்லிப்போட்டேன், ஒயின்ஷாப்புக்கு பர்மிசன் இல்லைன்னு. எழுதியாச்சு, நாந்தான் கையெழுத்தும் போட்டேன்."

"அவரு?"

"இன்னும் வெளியத்தான் உக்காந்திருக்காரு. நாங்க எல்லாம் டீ குடிச்சாச்சு, அவரு குடிக்கல. கடைக்காரன் போன் மேல போன் போடறான், எடுக்க மாட்டேங்கறாரு. எங்கூடவும் பேசல. ஊட்டுக்குப் போனாத்தான் தெரியுமுங்க என்னாகும்னு." அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "வெக்கறனுங்க மேடம். எந்திரிக்கறாரு."

போன் நின்றுவிட்டது. விஜய்குமார் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "திருப்பிக் கூப்பிட்டுப் பாரேன்" என்றார்.

"மாட்டேன்" என்றார் உமாதேவி. வண்டியை எடுக்கச் சிறிது நேரமாயிற்று.

அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு இல்லை. விஜய்குமார் சொல்லவில்லை, உமாதேவி கவனிக்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை மையத்து வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது வாட்ஸப்பில் மாரக்காளிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்து கிடந்தது. பின்னணியில் ஏதோ தாளிக்கும் சத்தம். "சாப்புட்டாருங்க மேடம். பேசல. காத்தால புள்ளையப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் உட்டுட்டு வந்தாரு. அப்பவும் பேசல." அவ்வளவுதான் செய்தி. உமாதேவி அதை இரண்டு தடவை கேட்டார். போனை அணைத்துப் பையில் போட்டார்.

கூடத்தில் நாற்காலிகள் இரவு அடுக்கியபடியே இருந்தன. ஒவ்வொன்றாக இழுத்தார், கிறீச், கிறீச் என்று அரைவட்டம் வளர்ந்தது. பாயை விரித்தார். மர நாற்காலியை நடுவுக்கு இழுத்து, பையிலிருந்து துண்டை எடுத்து அதன் முதுகில் போட்டார். வெளியே வராந்தாவில் ஆறேழு வெள்ளைச் சட்டைகள். ஒருவர் கையில் மனைவியின் தண்ணீர் பாட்டில். உள்ளே பெண்கள் நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உமாதேவி நாற்காலிக்கு எதிரில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கினார். கனமான நாற்காலி, முன்வரிசையில் ஒருத்தி உதவிக்கு எழுந்தாள், வேண்டாம் என்று தலையாட்டினார். சத்தமே இல்லாமல் கதவைத் தாண்டிக் கொண்டுபோய் வராந்தாவில், காற்று வருகிற பக்கமாகப் பார்த்து வைத்தார். கணவன்மார்கள் நாற்காலியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோணலாகத் தொங்கிய துண்டின் ஓரத்தை இழுத்து நேராக்கிவிட்டு, உமாதேவி உள்ளே போனார்.